கொசுவர்த்தி முறுக்கு

"இது முறுக்காலே, இல்ல கொசுவர்த்திச் சுருளா?" என்று கேட்டாள் லூசியம்மாள். கேட்டுவிட்டு அந்தச் சுருளில் ஒரு சுற்றை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னால் ஜல்லிக்கரண்டியோடு நின்ற ராஜபாண்டியின் முகம், சட்டியில் விழுந்த மாவு மாதிரி சுருங்கியது.

"என்ன குறைன்னு சொல்லுங்க பெரியம்மா. சரி பண்ணிருதேன்."

"என்னத்தச் சொல்ல? உப்பு இல்ல. கருகிக் கெடக்கு. இதத் தின்னா மனுசனுக்குப் பல்லு மிஞ்சாது."

சொல்லி முடித்ததும் தட்டில் மிச்சமிருந்த துண்டுகளை எல்லாம் வாரி முந்தானையில் முடிந்துகொண்டாள். நாய்க்குப் போட வேண்டுமாம். பின்னால் மடக்கு ஸ்டூலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்ற தன் புருசன் இன்னாசிமுத்துவை, "வெளங்காத மனுசா, என்ன பாத்துக்கிட்டு நிக்கே? நட" என்று விரட்டிக்கொண்டே போனாள். அவர் வாயைத் திறக்காமல் பின்னாலேயே போனார்.

எங்கள் சந்தில் அப்போது நாயே கிடையாது. அதை ஒருவரும் யோசிக்கவில்லை.

ராஜபாண்டி தாராவித் தோல் பட்டறை ஒன்றில் கட்டிங் மாஸ்டராக இருந்தவன். முதலாளி ஒரு நாள் பட்டறையைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். வேறு யாராவது என்றால் கூலிக்கு ஆள் பிடிக்கிற நாக்கா முனையில் நின்று ஒரு வருஷம் புலம்பியிருப்பார்கள். இவன் மறுவாரமே மனைவி விஜயராணியிடம் மாவுப் பக்குவம் கேட்டுக்கொண்டு கைமுறுக்கு சுற்ற உட்கார்ந்துவிட்டான். தோலை மயிரிழை பிசகாமல் அறுத்த விரல்கள் அல்லவா? கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் மாவை இழுத்து, முறுக்கி, வெள்ளைத் துணியில் வட்டம் வட்டமாக இறக்குகிறபோது, ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள்கூட ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத்தான் ஓடுவார்கள். எங்களில் சிலருக்கு வயிறு எரிந்தது உண்மை. ஆனால் எரிகிற வயிற்றுக்கும் அந்த முறுக்கு வேண்டியிருந்தது.

ஆளுக்கு ஒரே ஒரு வியாதி. யாராவது குறை சொல்லிவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. பத்துப் பேர் பாராட்டினாலும் காதில் ஏறாது. பதினோராவது ஆள் உதட்டைப் பிதுக்கினால் அதையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். அந்த வியாதிக்கு மருந்து என்று நினைத்துக்கொண்டு வாசலில் ஒரு எவர்சில்வர் தட்டை வைத்தான். உடைந்த முறுக்கு அதில் கிடக்கும். போகிறவர் வருகிறவர் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், காசு வேண்டாம், ஒரு குறை சொல்லிவிட்டுப் போனால் போதும். சும்மா தின்னவும் கொடுத்து, குறை சொல்லவும் வருந்திக் கூப்பிட்டால் தாராவியில் ஆளுக்கா பஞ்சம்? சாயந்தரமானால் வாசலில் ஒரு சின்னப் பஞ்சாயத்தே கூடியது.

லூசியம்மாள் அந்தப் பஞ்சாயத்துக்குத் தலைவி. பக்கத்து ரூம் ஆனியின் அம்மா. அம்பர்நாத்தில் இருந்த அம்மாவையும் அப்பாவையும் ஆனிதான் இந்த வருஷம் இங்கே கூட்டிவந்து வைத்துக்கொண்டாள். அந்த விசாலமான ஊரை விட்டுவிட்டு ஏன் இந்த நெருக்கடிக்குள் வந்தார்கள் என்று நாங்கள் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தோம். "அங்க அக்கம்பக்கத்துக்கு ஒத்து வரல" என்பதோடு ஆனி பேச்சை மாற்றிவிடுவாள். ஏன் ஒத்து வராது என்பது கிழவியின் வாயைக் கேட்டாலே தெரிகிறதே என்று நாங்களே முடிவு பண்ணிக்கொண்டோம். பேத்தி அனிஷாவுக்கு இந்தச் சந்திலேயே எடுப்பான மூக்கு. கிழவி அவளைச் "சப்பமூக்கி" என்றுதான் கூப்பிடுவாள். அதற்காக எல்லாவற்றையும் திட்டுகிறவள் என்று சொல்லிவிட முடியாது. வந்த புதிதில் எங்கள் சால் குடியிருப்பின் தண்ணி மோட்டாரைப் பார்த்து, இப்படி ஒரு வேகம் அம்பர்நாத்தில் கண்டதில்லை என்று வாயார மெச்சினாள். மோட்டார் அந்த வாரமே புகைந்தது. உள்ளே சேறு அடைத்திருந்ததாம். பிளம்பர் சொன்னார்.

இப்படித் தட்டும் குறையுமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மாட்டுங்காவிலிருந்து ஆள் வந்தது.

மாட்டுங்கா மார்க்கெட் பக்கம் பலகாரக் கடை வைத்திருக்கும் சுயம்பு அண்ணாச்சி, யார் வீட்டு விசேஷத்திலோ ராஜபாண்டியின் முறுக்கைச் சாப்பிட்டிருக்கிறார். அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே வருகிறேன், அடுப்படியில் வைத்து ருசி பார்ப்பேன், பிடித்தால் இந்தத் தீபாவளியிலிருந்து என் கடைக்கு உன் முறுக்குதான் என்று சொல்லி அனுப்பியிருந்தார். சந்து முழுக்க அன்றைக்கு அதுதான் பேச்சு.

விஜயராணி மட்டும் குதிக்கவில்லை. அந்த ஒற்றை ரூமில் அடுப்புக்கும் அவள் படுக்கிற பாய்க்கும் நடுவில் ஒரு கோணிச் சாக்குதான் மறைப்பு. எண்ணெய்ப் புகையில் அவள் புடவை எல்லாம் ஒரே நிறமாகிவிட்டது. அவள் தன் நிபந்தனையை நிதானமாகச் சொன்னாள்.

"இங்க பாருங்க. அண்ணாச்சி எடுத்துக்கிட்டா நான் இன்னும் பத்து வருசம் இந்தப் புகைய முழுங்குதேன். எடுக்கலன்னா சட்டிய அன்னைக்கே பழைய இரும்புக்குப் போட்ருவேன். தேவ்நார் குடோன்ல என் தம்பி சொல்லி வச்சிருக்கான். நீங்க போயி மூட்ட தூக்குங்க."

ராஜபாண்டி தன் விரல்களைப் பார்த்தான். மூட்டை தூக்க அந்த விரல்கள் எதற்கு?

புத்தியுள்ளவன் என்றால் அன்றே தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, அண்ணாச்சிக்குப் பிடித்த அதே முறுக்கைச் சுற்றியிருப்பான். இவன் தட்டைப் பெரிதாக்கினான். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு குறைகூட மிச்சம் இருக்கக் கூடாதாம்.

முதலில் வந்தவர் எதிர்வரிசைத் தையல்காரர் கரீம் பாட்சா. ஒரு துண்டை எடுத்துக் கடவாய்க்குக் கொடுத்துவிட்டு, தாடையைப் பிடித்துக்கொண்டார். கடுசா இருக்கு மாப்ள, வயசானவங்க கடிக்க வேண்டாமா என்றார். நியாயம்தானே? ராஜபாண்டி வெண்ணெயை இரண்டு பங்காகக் கொட்டிப் பிசைந்தான். வெள்ளைத் துணியில் இருந்தவரைக்கும் முறுக்கு முறுக்காகத்தான் இருந்தது. எண்ணெயில் இறங்கியதும் பிரிந்து, கரைந்து, சட்டி முழுக்கத் தூளாகச் சுற்றி வந்தது. தப்பிப் பிழைத்த நாலைந்தைத் தட்டில் வைத்தான். கரீம் பாட்சா ஒன்றை எடுத்தார். அது விரலிலேயே உதிர்ந்தது.

"முறுக்குன்னா ஒரு சத்தம் வேணும்லா மாப்ள. இது என்ன, பச்சப்புள்ளைக்கு ஊட்டுததா?"

நேற்றுக் கடுசு என்று சொன்னவரே அவர்தான். நினைவுபடுத்தினால் கோபித்துக்கொள்வார் என்று ராஜபாண்டி பேசாமல் இருந்துவிட்டான்.

ஆனால் அன்றைக்கு ஒரு அதிசயம் நடந்தது. லூசியம்மாள் அந்தத் தூளில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். ராஜபாண்டி வசவுக்குத் தயாராகக் கண்ணை இடுக்கிக்கொண்டான்.

"இது தேவலடா தம்பி" என்றாள் அவள். நாய்க்கு எதுவும் கட்டாமல் நடந்துவிட்டாள்.

தேவலை. கிழவி வாயில் தேவலை. ராஜபாண்டிக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அடுத்தது நம்பிராஜன். சந்து முனையில் மளிகைக் கடை. அவர் முறுக்கைத் தின்னவில்லை. தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். வட்டம் கோணலாக இருக்கிறது, ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு, மாட்டுங்காக் கடையில் கண்ணாடி அலமாரியில் அடுக்கினால் பல்லிளிக்கும் என்றார். கைமுறுக்கு கோணலாகத்தான் இருக்கும், கோணலாக இருப்பதால்தான் அது கைமுறுக்கு என்பது சட்டிக்குத் தெரியும், சந்துக்குத் தெரியும். ராஜபாண்டி பரணில் ஏறினான். பட்டறைக் காலத்துத் தோல்தகட்டு அச்சு, காம்பஸ், அறுக்கிற கத்தி எல்லாவற்றையும் இறக்கினான். ஒவ்வொரு முறுக்கின் மேலும் அச்சை வைத்து, பிதுங்கிய மாவைக் கத்தியால் நறுக்கி, செருப்புக்குச் சோல் வெட்டுகிற மாதிரி வெட்டினான். முறுக்குகள் தட்டச்சில் அடித்தது போல வரிசையாக வந்தன. என்ன, ஒன்றை வெட்டி முடிப்பதற்குள் சட்டியில் எண்ணெய் காய்ந்து புகைந்தது. அடுத்ததை வெட்டுவதற்குள் முந்தையது கரியானது.

"நீங்க செருப்பே தைங்க" என்றாள் விஜயராணி. "அதுக்காவது ஜோடி உண்டு."

அவன் இப்படி வட்டம் வெட்டிக்கொண்டிருந்த நாட்களில் நம்பிராஜன் என்ன செய்தார் தெரியுமா? தன் கடைக்குள் ஒரு முறுக்கு மிஷினை இறக்கி, வாசலில் பேனரும் கட்டிவிட்டார். அதில் வட்டம் கோணாதாம். அவர் குறை எங்கிருந்து வந்தது என்று சந்துக்கே அப்போதுதான் விளங்கியது. ராஜபாண்டிக்கு அது விளங்கினாலும் வலித்தது வேறு இடத்தில். லூசியம்மாள் நம்பிராஜன் கடை வாசலில் நின்று, சந்து கேட்க, கையைத் தட்டிப் பாராட்டினாள். முறுக்கென்றால் இதுதான் முறுக்கு, மிஷினா அது, தேர் மாதிரி ஓடுகிறது, இந்தத் தாராவியையே இவர் வளைத்துப் போட்டுவிடுவார் என்றெல்லாம் பேசினாள். நம்பிராஜன் பூரித்துப்போய் ஒரு பாக்கெட்டைச் சும்மாவே கொடுத்தார். அதை அவள் போகிற வழியில் ஆனி வீட்டு மாடத்தில் வைத்துவிட்டுப் பிரிக்கவே இல்லை. மூன்றாம் நாள் மிஷின் மோட்டாரின் கம்பிச்சுருள் கருகி நின்றது. எங்கள் சந்துக் கரண்ட்டை நம்பி மிஷின் வாங்கினால் வேறென்ன ஆகும் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

ராஜபாண்டியோ மோட்டார் கருகியதற்குச் சந்தோஷப்படக்கூட இல்லை. மிஷின் நின்றாலும் மெச்சிய வாய் மெச்சியதுதானே, தனக்கு அது கிடைக்கவில்லையே என்று மருகினான்.

அந்த நிலைமையில் ஸ்டெர்லின் வந்து சேர்ந்தான். பைக்கில் சாப்பாடு டெலிவரி பண்ணுகிற பையன். மீதி நேரத்தில் போனைப் பார்த்துத் தானே பேசி வீடியோ போடுவான். தமிழ் பேசுவான், எழுத்துக்கூட்டத் தெரியாது. ஒரு துண்டைக் கடித்துவிட்டு உலகத்தையே எடைபோட்டவன் போலத் தலையை ஆட்டினான்.

"அண்ணே, டேஸ்ட் டீக் ஹை, பரவால்ல. ஆனா இது பழைய ஆளுங்க ஐட்டம். செஷ்வான் போடுங்க. யங் பப்ளிக் பாகல் ஆயிரும், பைத்தியமா அலையும்."

முறுக்கில் சைனீஸ் கடைக் காரமான செஷ்வான் சாஸை ஊற்றுவது என்ன நியாயம் என்று கேட்க வேண்டியவன் ராஜபாண்டி. அவன் பாட்டில் வாங்க நம்பிராஜன் கடைக்கே போனான்.

அன்று நடந்ததை எங்கள் சந்து மறக்காது. சிவப்பு மாவு எண்ணெயைத் தொட்டதும் சட்டி சீறியது. மிளகாய்ப் புகை முதலில் கோணிச் சாக்கைத் தாண்டியது, அப்புறம் வாசலைத் தாண்டியது, அப்புறம் எதிர்வரிசையில் கரீம் பாட்சாவின் தையல் மிஷினைத் தாண்டியது. ஒவ்வொரு ரூமாக ஆட்கள் இருமிக்கொண்டு வெளியே வந்தார்கள். நாங்கள் எல்லோரும் மெயின் ரோட்டில் நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கண்ணீர் விட்டோம். எதிரே போன பஸ்ஸில் இருந்தவர்கள் யாரோ தவறிவிட்டார்கள் என்று நினைத்துக் கும்பிட்டார்கள்.

புகை அடங்கியதும் ராஜபாண்டி தட்டை ஏந்திக்கொண்டு லூசியம்மாளிடம்தான் போனான். அவள் ஒரு துண்டைக் கடித்தாள். கண் நிறைந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவன் தோளைத் தொட்டுச் சொன்னாள்.

"நல்லாருக்குடா ராஜபாண்டி. ரொம்ப நல்லாருக்கு. இப்பிடி ஒரு முறுக்கு நான் சென்மத்துல தின்னதில்ல."

பின்னால் ஸ்டூலோடு நின்ற இன்னாசிமுத்து சட்டென்று அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு ராஜபாண்டியைப் பரிதாபமாகப் பார்த்தார். வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை சாயந்தரம். மறுநாள் அண்ணாச்சி வருகிறார். ராஜபாண்டி ரூமுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தான். அந்த ரூமில் அது திரும்பித் திரும்பி நிற்பதுதான்.

விஜயராணி அரிசி களைந்துகொண்டே கேட்டாள்: "நாளைக்கு எதச் சுத்தப் போறீங்க?"

அவன் கணக்கைச் சொன்னான். கேட்டால் அசட்டுக் கணக்கு என்று சொல்ல முடியாது. கரீம் பாட்சா நேற்றொன்று இன்றொன்று பேசுகிறவர், அவர் பேச்சைக் கழித்துவிடலாம். நம்பிராஜனுக்குத் தன் மிஷின் ஓடவேண்டும், அவரையும் கழிக்கலாம். ஸ்டெர்லின் ஒரு துண்டு தின்றுவிட்டுப் போனவன், காசு கொடுத்து ஒரு பாக்கெட் வாங்கியது கிடையாது. மிச்சம் யார்? மழையானாலும் வெயிலானாலும் ஒரு நாள் தவறாமல் வந்து தின்று பார்த்துச் சொல்கிறவள் லூசியம்மாள் ஒருத்திதான். பழைய முறுக்கு அவளுக்கு ஒரு நாளும் பிடித்ததில்லை. வெண்ணெய் போட்டது தேவலை. செஷ்வான் பிரமாதம். குறை சொல்லவும் தெரிந்து, திருந்தினால் மெச்சவும் தெரிந்த வாய் அது. ஆகவே செஷ்வான்.

விஜயராணி கையை உதறிவிட்டு எழுந்து வந்தாள்.

"நீங்க அவங்க வாயவே பாத்துக்கிட்டிருந்தீங்க. நான் கையப் பாத்துக்கிட்டிருந்தேன். கொசுவர்த்தின்னு திட்டுன அன்னைக்கெல்லாம் தட்டு காலி. நேத்து செஷ்வான் பிரமாதம்னாங்களே, ரெண்டாவது துண்டு எடுத்தாங்களா? எச்சித் துண்டக் கூட வாசப்படி ஓரமா வச்சிட்டுப் போயிட்டாங்க. எறும்பு கூட மொய்க்கல."

"வயசானவங்க. காரம் அதிகம் சேராது."

"எதக் கேக்கணும், எத விடணும்னு ஒங்களுக்கு இன்னும் பிடிபடல" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். சட்டியை மட்டும் பழைய இரும்புக்காரன் எத்தனை மணிக்கு வருவான் என்று யோசிக்கிறவள் மாதிரிப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை. கோயில் பூசை முடிந்து ஜனங்கள் திரும்புகிற நேரத்தில் சுயம்பு அண்ணாச்சி வந்தார். சந்தே ஏதோ வேலையாக அந்தப் பக்கம் வந்தது. ஒருவர் பக்கெட் கழுவினார், ஒருவர் ஏற்கெனவே கழுவின பக்கெட்டைக் கழுவினார். கரீம் பாட்சா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே இருந்தார். நூல் கடைசிவரை உள்ளே போகவில்லை.

அண்ணாச்சி பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். ராஜபாண்டி சிவப்பு முறுக்கைத் தட்டில் வைத்து நீட்டினான். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு கடித்தார். கண்ணைத் திறக்க நேரம் பிடித்தது. திறந்தபோது அதில் தண்ணீர் இருந்தது. விஜயராணி செம்பில் தண்ணீர் கொடுத்தாள். குடித்தார். இன்னொரு செம்பு கேட்டார்.

"தம்பி, நான் கல்யாண வீட்டுல தின்னது ஒன் முறுக்குதானா?"

"ஆமா அண்ணாச்சி. இது அதவிட நல்லா…"

"இத நான் கடையில வச்சா என்னிய உள்ள வச்சிருவாங்க" என்று அவர் மெதுவாக எழுந்து செருப்பைத் தேடினார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட ராஜபாண்டி தாங்கியிருப்பான். விஜயராணி சட்டியை அடுப்பிலிருந்து இறக்கினாள். அது தரையில் உட்கார்ந்த சத்தம் சந்து முழுக்கக் கேட்டது.

அப்போது இன்னொரு சத்தமும் கேட்டது.

கடக்.

வாசலுக்கு வெளியே, இன்னாசிமுத்து விரித்துப்போட்ட மடக்கு ஸ்டூலில், கோயில் சேலையோடு லூசியம்மாள் உட்கார்ந்திருந்தாள். மடியில் பழைய பால்பவுடர் டப்பா. உள்ளே நடப்பதை எட்டிப் பார்த்துக்கொண்டே ஏதோ மென்றுகொண்டிருந்தாள்.

கடக் கடக்.

அண்ணாச்சி ஒரு செருப்போடு நின்றுவிட்டார். பலகாரக் கடைக்காரரின் காது அது.

"என்ன தாயி சாப்பிடுதிய?"

லூசியம்மாள் அவசரமாக டப்பாவை மூடினாள். "ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. நாய்க்கு வச்சிருந்தது. இந்தப் பய முன்ன சுத்துன கொசுவர்த்தி. ஒண்ணுத்துக்கும் ஆவாது. நமுத்துப்போன தண்டம்."

"ஒண்ணு குடுங்க, பாப்போம்."

அவள் கொடுக்கிற மாதிரி தெரியவில்லை. இரண்டு கையாலும் மூடியை அமுக்கிக்கொண்டாள். அண்ணாச்சி நீட்டிய கையை இறக்கவில்லை. பின்னால் நின்ற இன்னாசிமுத்துதான் குனிந்து, பிள்ளையிடமிருந்து பொம்மையை வாங்குகிற மாதிரி, டப்பாவை மெதுவாக வாங்கித் திறந்து நீட்டினார். அடிவரைக்கும் அடுக்கடுக்காகப் பழைய கைமுறுக்கு. காற்றுப் போகாமல் மேலே வாழையிலைத் துண்டு வேறு. உடைந்த துண்டுகளைக்கூடச் சுற்றுக்குச் சுற்று பொருத்தி வைத்திருந்தாள்.

அண்ணாச்சி கண்ணை மூடிக் கடித்தார். கண்ணைத் திறக்காமலே கையை மறுபடி டப்பாவுக்குள் விட்டார். மூன்றாவது முறை விட்டபோது லூசியம்மாள் டப்பாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இதத்தானய்யா நான் தேடி வந்தேன்" என்றார் அண்ணாச்சி. "இத்தன நாள் கழிச்சும் சத்தம் கொறையல பாரு. இந்தச் சேப்பு எழவ யாரு சொல்லி ஆரம்பிச்ச நீ?"

ராஜபாண்டி லூசியம்மாளைப் பார்த்தான். லூசியம்மாள் வானத்தைப் பார்த்தாள்.

அண்ணாச்சி திரும்பப் பாயில் வந்து உட்கார்ந்து, பழையபடி ஒன்றும் மாற்றாமல் சுற்றித் தருவதாக இருந்தால் தீபாவளிச் சரக்கிலிருந்தே ஆரம்பிக்கலாம் என்றார். கோணல் கோணலாகவே இருக்கட்டும், அலமாரியில் அதைப் பார்த்துத்தான் ஆள் வரும் என்றும் சொன்னார். விஜயராணி சட்டியைத் தூக்கி அடுப்பில் வைத்த வேகத்தில் எண்ணெய் தளும்பியது. வாசல் தட்டை எடுத்து அதே கையோடு பரணில் போட்டாள். வெளியே கரீம் பாட்சா, சத்தம் வேணும்னு நான் அன்னைக்கே சொன்னேன்லா என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். எங்களுக்கும் உள்ளுக்குள் பெருமைதான். எத்தனை பேர் குழப்பியும் அந்த விரல் தன் சுற்றை மறக்கவில்லை. அன்றைக்கே அண்ணாச்சி முன்னால் உட்கார்ந்து பழைய முறுக்கை அவன் சுற்றி இறக்கிய அழகைப் பார்த்திருக்க வேண்டும்.

முதல் ஈடு சட்டியிலிருந்து வந்தது. சூடு ஆறுமுன் ராஜபாண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினான். மாட்டுங்காக் கடையே கிடைத்தாலும் அந்த ஒரு வாய் அவனுக்குப் பாக்கி இருந்தது.

"பெரியம்மா, நாய்க்குன்னு சொல்லி ஒளிச்சு ஒளிச்சுத் தின்னிருக்கீங்க. இனிமே மறைக்காதீங்க. ஒரே ஒரு தடவ, இது நல்லாருக்குன்னு சொல்லிருங்க. எனக்கு அது போதும்."

லூசியம்மாள் முறுக்கை வாங்கிக் கடித்தாள். மென்றாள். அவள் முகம் என்னவோ செய்தது. சொல்லிவிடுவாள் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அவள் வாயைத் திறந்து, முந்தானையால் இறுக்கப் பொத்திக்கொண்டு, எழுந்து விறுவிறுவென்று நடந்தாள். நாலு அடி போனதும் திரும்பினாள்.

"கொசுவர்த்தி" என்றாள். "கருகின கொசுவர்த்தி. நீயெல்லாம் எங்க உருப்படப் போற?"

கண்ணைத் துடைத்துக்கொண்டே ஆனி வீட்டுக்குள் போய்விட்டாள்.

ராஜபாண்டி இடிந்துபோய் நின்றான். "நான் என்ன பெரியப்பா பாவம் பண்ணினேன்? நம்பிராஜன் மிஷினக் கூட வாயார மெச்சுனாங்களே."

இன்னாசிமுத்து ஸ்டூலை மடக்கிக் கக்கத்தில் இடுக்கினார். சந்தின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். நாங்கள் அவர் குரலை முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான்.

"அவ வாயால நல்லாருக்குன்னு சொன்னது எதுவும் நெலச்சதில்ல தம்பி, அவ கண்ணு பட்டுரும்னு பயந்துதான் அம்பர்நாத்துல எங்களுக்கு ஒருத்தரும் வீடு குடுக்கல; அதனால பிடிச்சத எல்லாம் திட்டித் திட்டித்தான் காப்பாத்துவா, என்னைய பாருங்க, கல்யாணமான நாள்லேந்து இன்னைக்கு வரைக்கும் ஒரு நல்ல வார்த்த சொன்னதில்ல."